தைல மரமும் ஆறு பேராசிரியர்களும்

ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் எங்கே இறங்கி நின்றாலும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தைல மரம் ஒன்று நிற்கும். 1843-இல் முதல் கன்றுகள் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்தன. பிறகு விறகுத் தட்டுப்பாடு என்று சொல்லி மேடு மேடாக நட்டார்கள். இந்த மரத்தைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "காலேஜில் பாட்டனி புரொஃபசர் இருப்பார், போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிடுவோம். போனவர் பெரும்பாலும் பாதிப் பதிலோடுதான் திரும்பி வருவார். பேராசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அனுப்பிய நமக்குத்தான், ஒருவர் 'இந்தத் துறையில் நிபுணர்' என்றால் என்ன பொருள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஒரு மரத்தையே எடுத்துக்கொள்வோம். தாவர வகைப்பாட்டியல் படித்தவர் மொட்டின் மூடியையும் காயின் வடிவத்தையும் பார்த்து, நூற்றுக்கணக்கான தைல மர இனங்களில் இது எது என்று சொல்லிவிடுவார். அதே துறையில் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் சூழலியல் பேராசிரியருக்கு மரத்தைவிட, மரம் வருவதற்கு முன் அங்கே இருந்த புல்வெளி முக்கியம். சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே இதை நட்டதும் என்னென்ன புல் வகைகள் காணாமல் போயின என்று கேட்பார். நீரியல் தெரிந்தவர் ஓடையில் தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று அளப்பார். வேதியியல்காரர் இலையை வடித்து, எண்ணெயில் சினியோல் என்ற வேதிப்பொருள் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார். மருந்தியல்காரர் அந்தச் சினியோல் மூச்சுக்குழாயில் என்ன செய்கிறது என்று பார்ப்பார். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் மலைக்கே வராமல் சென்னை ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்துகொண்டு, இதை நடச்சொன்ன கடிதங்களைப் படித்துக்கொண்டிருப்பார்.

ஆறு பேரும் தைல மரத்தில் நிபுணர்கள்தான். ஆனால் ஓடை வற்றியது பற்றி வேதியியல்காரரிடம் கேட்டால், உங்களையும் என்னையும்போல அவரும் செய்தித்தாளில் படித்ததைத்தான் சொல்வார். அவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்', பின்னால் 'பேராசிரியர்' இருப்பதால் நமக்கு அது பெரிய வார்த்தையாகத் தோன்றும்.

கேள்வியும் கருவியும்

ஒருவருடைய ஆய்வுத் துறை என்பதைப் பாடத்தின் பெயராக நினைத்துக்கொள்கிறோம். பாடத்தின் பெயர் ரொம்பப் பெரிய கூடாரம். உள்ளே இருப்பவரைக் கண்டுபிடிக்க இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: அவர் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறார், எந்தக் கருவியை அல்லது முறையைக் கொண்டு தேடுகிறார். இந்த இரண்டும் தெரிந்தால் ஆளைத் தெரிந்த மாதிரி.

இதற்கு நம் மலையிலேயே அருமையான எடுத்துக்காட்டு உண்டு. முத்தோரைக்குப் போனவர்கள், மலைச்சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் ஊட்டி வானொலித் தொலைநோக்கியைப் பார்த்திருப்பார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டியது. 1970-இல் வேலை செய்யத் தொடங்கியது. 'வானியல் பேராசிரியர்' என்று மட்டும் அவரைச் சொன்னால், ஏன் இவ்வளவு தூரம் வந்து ஊட்டியில் ஒரு சரிவைத் தேடினார் என்பது புரியாது. கேள்வியைச் சொன்னால் புரியும். வெகுதொலைவிலிருந்து வானொலி அலைகளை அனுப்பும் விண்மூலங்கள் எவ்வளவு பெரியவை? இதுதான் கேள்வி. நிலா ஒரு மூலத்தை மறைக்கும்போது அதன் வானொலி அலை எப்படித் தேய்ந்து மறைகிறது, மீண்டும் எப்படி வருகிறது என்று பார்த்து அளவைக் கணக்கிடலாம். இதுதான் முறை. அதற்கு நிலாவை மணிக்கணக்காகப் பின்தொடர வேண்டும். தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக இருந்தால், அதை ஒரே அச்சில் உருட்டினால் போதும், வானத்தைத் தொடரலாம். ஊட்டி ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவு கிடைத்தால் இயற்கையே பாதி வேலையைச் செய்துவிடும். கிடைத்தது. ஒரு கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ, அவ்வளவு துல்லியமாக அதற்கான இடத்தைத் தேடும் என்பதற்கு அந்தச் சரிவே சாட்சி.

முறையில் நிபுணர் என்பதற்கும் ஊட்டியிலேயே உதாரணம் இருக்கிறது. அதே நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் கிரேப்ஸ்-3 என்ற சோதனை நடக்கிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்களை அங்கே எண்ணுகிறார்கள். இடி மேகம் தலைக்கு மேல் வரும்போது எண்ணிக்கை சற்றுக் குறைவதைக் கவனித்தார்கள். மேகத்தின் மின்னழுத்தம் துகள்களின் ஆற்றலை மாற்றுவதால் வரும் குறைவு அது. அந்தக் குறைவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஒரு மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று 2019-இல் வெளியிட்டார்கள். இடி மேகத்துக்குள் அவ்வளவு பெரிய அழுத்தம் இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் 1929-லேயே சொல்லியிருந்தார்; பலூன் விட்டு அளந்தவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்திருந்தது. பலூன் மேகத்தின் ஒரு கீற்றுக்குள் மட்டுமே போகும். மியூவான்களோ மேகம் முழுவதையும் துளைத்துக்கொண்டு வருகின்றன. இதைச் செய்தவர்கள் வானிலை ஆய்வாளர்கள் இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இடி மின்னலைப் பற்றி அறியக் காஸ்மிக் கதிர்க்காரர்களிடம் போக வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சுயவிவரத்தில் தலைப்பை மட்டும் படிக்காமல் முறையையும் படிக்கச் சொல்வது இதனால்தான்.

பெயர்ப்பலகை சொல்வது

உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். இந்த மூன்றும் பதவிப் படிகள். அறிவின் அகலத்தையோ ஆழத்தையோ இவை நேராகச் சொல்வதில்லை. நம் அப்பா காலத்தில் 'லெக்சரர்' என்று சொன்ன இடத்தில்தான் இப்போது 'உதவிப் பேராசிரியர்' என்று போடுகிறார்கள். பேச்சு வழக்கில் எல்லாரையும் 'புரொஃபசர்' என்றே சொல்லிவிடுவதால் வெளியில் இருப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, நேரடியாக இணைப் பேராசிரியர் ஆக முனைவர் பட்டம், 8 ஆண்டு அனுபவம், குறைந்தது 7 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். பேராசிரியர் ஆக 10 ஆண்டு, 10 கட்டுரைகள். முதல் படியில் நுழைய முதுகலையோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி. முனைவர் பட்டம் கட்டாயம் என்று இடையில் அறிவித்து, தள்ளிவைத்து, கடைசியில் 2023-இல் அது கட்டாயமில்லை என்று திருத்தினார்கள். ஆக, பலகையில் உள்ள படி ஒருவருடைய பணிமூப்பையும், குறைந்தபட்சத் தகுதியையும் சொல்லும். அவர் எதில் கெட்டிக்காரர் என்பதைச் சொல்லாது.

இதில் பெரிதும் ஏமாந்துபோகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளில் கணிசமான பங்கை அவர்கள் தோளில்தான் வைத்திருக்கிறோம். நெட், முனைவர் பட்டம், நல்ல கட்டுரைகள் எல்லாம் இருக்கும். நிரந்தரப் பணியிடம் இருக்காது. 2022 விதிகளின்படி நிரந்தர ஆசிரியர்தான் முனைவர் பட்ட நெறியாளர் ஆக முடியும் என்பதால், ஆய்வு வழிகாட்டிகள் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. காட்டுயிர் பற்றியோ படுகு மொழி பற்றியோ அந்தக் கல்லூரியில் விவரம் தெரிந்தவர் அவராகவே இருக்கலாம். பட்டியலை மட்டும் நம்பினால் அவரைத் தவறவிட்டுவிடுவோம்.

இன்னொரு குழப்பம் மலைக்கே உரியது. நீலகிரியிலும் பழனி மலையிலும் கல்லூரிகளைவிட ஆராய்ச்சி நிலையங்கள் பிரபலம். முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், ஊட்டியில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், கொடைக்கானலில் சூரிய வானாய்வகம். மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களில் இருப்பவர்கள் 'விஞ்ஞானி' என்ற பெயரில் வேலை செய்கிறார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையங்களில், ஊட்டியானாலும் தடியன்குடிசையானாலும், இருப்பவர்களுக்குப் 'பேராசிரியர்', 'உதவிப் பேராசிரியர்' என்றே பெயர், தினமும் வகுப்பு எடுக்காவிட்டாலும். கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் வேலை என்பதால் அப்படி. வேலை ஒன்றுதான், பலகை வேறு.

முன்னே சொன்ன தைல மரத்து நீரியல் கணக்கைச் செய்ததும் பல்கலைக்கழகம் இல்லை. கிளன்மார்கன் பக்கம் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் தைல மரம் நட்டு, மற்றதைப் புல்வெளியாகவே விட்டு, ஆண்டுக்கணக்காக இரண்டிலும் ஓடிவரும் தண்ணீரை அளந்தார்கள் ஊட்டி மண், நீர்ப் பாதுகாப்பு மையத்து விஞ்ஞானிகள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பக்கத்தில் தண்ணீர் வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. தைல மரம் தண்ணீரைக் குடிக்கிறது என்று டீக்கடையில் அடித்துச் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இப்படிப் பொறுமையாக எடுத்த கணக்கு இருக்கிறது.

கொடைக்கானலில் 1909-இல் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்த ஜான் எவர்ஷெட் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர் இல்லை. இங்கிலாந்தில் வேதிப்பொருள் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் சூரியனைப் படித்தவர். உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் அந்த விளைவு அவர் பெயரில்தான் இருக்கிறது.

வேதாளக் கதையிலிருந்து தோடர் பாட்டுக்கு

ஒருவர் முனைவர் பட்டம் வாங்கிய தலைப்புதான் ஆயுள் முழுக்க அவருடைய துறை என்று நினைப்பது அடுத்த தவறு. மரே எமனோ என்ற கனடாக்காரர் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியது வடமொழியில். விக்கிரமாதித்தனும் வேதாளமும் வரும் கதைத் தொகுப்பின் ஒரு பாடத்தைப் பதிப்பித்து வாங்கினார். அங்கே எட்வர்டு சபீர் என்ற மொழியியலாளரிடம், எழுத்தில்லாத மொழியைக் காதால் கேட்டுப் பதிவு செய்யும் முறையைக் கற்றுக்கொண்டார். சபீர் தந்த யோசனையின்படி 1935-இல் நீலகிரிக்கு வந்தார். மூன்று ஆண்டுகள் தோடர், கோத்தர், படுகர், அப்புறம் குடகர் மொழிகள். திரும்பிப்போய் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வடமொழிப் பேராசிரியராக இருந்துகொண்டே, தாமஸ் பரோவுடன் சேர்ந்து 1961-இல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார். தமிழ்ச் சொல்லுக்குத் தோடாவிலும் கோத்தாவிலும் இணை தேடுகிறவர் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்.

இந்த வாழ்க்கையில் பதவியின் பெயர் ஒரு பக்கம், பாடம் சொல்லிக்கொடுத்தது ஒரு பக்கம், உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு பக்கம். கல்லூரி இணையப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே 'வடமொழி' என்று மட்டும் இருந்திருந்தால் கோத்தகிரியிலிருந்து யாரும் அவரைத் தேடிப் போயிருக்கமாட்டார்கள்.

தோடர்களைப் பற்றி 1906-இல் பெரிய நூல் எழுதிய ரிவர்ஸும் அப்படித்தான். படித்தது மருத்துவம், பிறகு புலன்களின் உளவியல், அப்புறம் மானிடவியல். முதல் உலகப்போரில் அதிர்ச்சி நோயால் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கப் போனதும் அதே ரிவர்ஸ்தான்.

இவர்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு உறுத்தல் எப்போதும் உண்டு. எமனோவுக்குப் பாட்டைச் சொன்னவர்கள் தோடர்கள். ஒரு பாட்டில் எந்த எருமையின் பெயர் எந்தக் கோயிலோடு சேரும் என்று தெரிந்தவர் யார் என்று கேட்டால், பட்டமே இல்லாத, மந்து என்ற தோடர் குடியிருப்பில் வாழும் ஒருவர்தான். பேராசிரியரின் நிபுணத்துவம் அதைக் கேட்டு, ஒழுங்குபடுத்தி, மற்ற மொழிகளோடு ஒப்பிட்டு, தப்பு எங்கே என்று சோதித்ததில் இருக்கிறது. அது பெரிய வேலைதான். ஆனால் மலை பற்றிய எந்த ஆய்வேட்டை எடுத்தாலும் நன்றியுரைப் பக்கத்தை முதலில் படியுங்கள். யாரிடம் கேட்டு எழுதினார், அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே ஆளின் தரம் பாதி புரிந்துவிடும்.

வகுப்பறையில் தெரியும் திறமை

ஆய்வில் நிபுணர், கற்பித்தலில் நிபுணர் இரண்டும் ஒன்றல்ல. ஒரு ஆள் இரண்டிலும் சிறக்கலாம், ஒன்றில் மட்டும் சிறக்கலாம். மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரமும் மற்ற இருவர் 14 மணி நேரமும் வகுப்பு எடுக்க வேண்டும். ஊட்டி அரசு கலைக் கல்லூரி போன்ற, பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு வகுக்கும். அதில் உள்ளதை ஆசிரியர் நடத்தியாக வேண்டும். அவருடைய ஆய்வு ஒரு தவளை இனத்தின் குரலைப் பற்றியதாக இருக்கும்; காலையில் அவர் எடுப்பது செல் உயிரியலாக இருக்கும். 'கற்பிக்கும் பாடங்கள்' என்று சுயவிவரத்தில் போட்டிருப்பதைப் பார்த்து, இத்தனையிலும் ஆராய்ச்சி செய்திருக்கிறார் என்று வியக்க வேண்டாம்.

அதற்காகக் கற்பித்தல் திறமை சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கூடலூரிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளை, முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் பிரிக்கிறது. வீட்டில் படுகு, பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைக் கடந்து வரும் பிள்ளைகளும் உண்டு. மலையாளம் பேசும் வீடுகளும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் உண்டு. நல்ல ஆசிரியருக்கு அந்த வகுப்பில் எந்த வரியில் பிள்ளை நின்றுபோகும் என்று முன்கூட்டியே தெரியும். அது அனுபவத்தில் மட்டுமே வரும் அறிவு. எந்த ஆய்விதழிலும் கட்டுரையாக வராது.

இயற்பியலில் வெப்பக் கதிர்வீச்சு நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் கரும்பொருள், மாறிலி, சமன்பாடு என்று தொடங்கும். மலையில் வளர்ந்த பிள்ளையிடம், "ஜனவரியில் உறைபனி பள்ளத்தில் விழுகிறது, மேட்டுத் தேயிலை தப்பிக்கிறது, ஏன்?" என்று தொடங்கினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டுக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனமாகிப் பள்ளத்துக்கு வழிந்து தேங்குகிறது. மேகம் மூடிய இரவில் உறைபனி ஏன் இல்லை என்று பிள்ளையே சொல்லிவிடும். பிறகு சமன்பாடு எழுதினால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்துதான் எழுதும். இந்த ஆசிரியர் கதிர்வீச்சில் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்க வேண்டியதில்லை.

ஆய்வும் வகுப்பும் சேர்ந்து பலன் தரும் இடம் முதுகலையும் அதற்கு மேலும். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் விலங்கியலோடு காட்டுயிரியலும் சேர்ந்து ஒரு துறையாக இருப்பதை அந்தக் கண்ணோடு பாருங்கள். முதுமலையும் முக்குறுத்தியும் பக்கத்தில் இருக்க, களப்பணி தெரிந்த ஆசிரியரிடம் படிப்பது தனி வசதி. மருந்தியல் கல்லூரிக்குப் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: மாத்திரையை எப்படிச் செய்வது என்பது பார்மசூட்டிக்ஸ், அது உடம்பில் என்ன செய்கிறது என்பது பார்மகாலஜி, செடிகொடிகளிலிருந்து மருந்துப் பொருளைக் கண்டறிவது பார்மகாக்னசி. மூன்றும் ஒரே கட்டடத்தில் இருக்கும். குறும்பர்களின் மூலிகை பற்றி ஆய்வு செய்ய ஆசைப்பட்டுப் போய், கைடு மாத்திரை பூச்சில் நிபுணராக அமைந்தால் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

கைடு பற்றிச் சில வரிகள். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். முன்னரே இடம் நிறைந்திருந்தால் எவ்வளவு பொருத்தமானவராக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆய்வேட்டை வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் படிப்பார்கள், பிறகு வாய்மொழித் தேர்வு நடக்கும். அதில் பார்வையாளராக உட்காரலாம். ஒரு துறை எப்படிப்பட்டது என்று தெரிய, அதன் ஒரு வைவாவுக்குப் போய் வந்தால் போதும் என்பேன்.

எண்களை எப்படிப் படிப்பது

இப்போது எல்லாச் சுயவிவரத்திலும் ஹெச்-குறியீடு என்று ஒன்று வருகிறது. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்தது. ஒருவர் 20 கட்டுரை எழுதியிருக்கிறார். அவற்றில் 8 கட்டுரைகளை ஒவ்வொன்றையும் குறைந்தது 8 பேராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், ஆனால் 9 கட்டுரைகளுக்கு 9 மேற்கோள் வீதம் தேறவில்லை என்றால், அவருடைய எண் 8. அவ்வளவுதான்.

ஒரே துறையில், ஒரே வயதுள்ள இருவரை ஒப்பிட இது ஓரளவு உதவும். துறை தாண்டினால் உதவாது. மருந்தியலில் ஆண்டுக்குப் பல கட்டுரைகள் வரும். கிரேப்ஸ்-3 போன்ற குழுவில் ஒரே கட்டுரையில் பலர் பெயர் இருக்கும். தமிழ்த்துறைப் பேராசிரியர் பத்து ஆண்டு உழைத்து ஒரே புத்தகம் எழுதுவார், அது இந்தக் கணக்கிலேயே வராது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் தாவரவியலாளர் கே.எம். மேத்யூ பல்லாண்டுகள் பழனி மலையில் ஏறி இறங்கிச் செடி சேகரித்து, ஒவ்வொன்றையும் அழுத்திப் பாதுகாத்து, விவரித்து வைத்தார். அந்த உழைப்பை ஒரு இலக்க எண்ணில் அடைக்கப் பார்ப்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

கட்டுரை எண்ணிக்கையையும் அப்படியே விழுங்கக் கூடாது. நல்ல இதழ், வந்த கட்டுரையை அதே துறையைச் சேர்ந்த வேறு ஆய்வாளர்களிடம் கொடுத்துச் சோதித்த பிறகே வெளியிடும், மாதக்கணக்கில் ஆகும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போட்டுவிடும் இதழ்களும் ஏராளம். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்டதன் பலன் அது. ஒரே ஆண்டில் கட்டடவியல், கல்வியியல், சித்த மருத்துவம் என்று எல்லாத் தலைப்பிலும் ஒருவர் எழுதித் தள்ளியிருந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். கேள்வி ஒன்றாக இருந்து, கட்டுரைக்குக் கட்டுரை அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தால் அந்த ஆள் வேலை செய்கிறார் என்று அர்த்தம்.

யாரிடம், எப்படிக் கேட்பது

தேட எளிய வழி, சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே முழுதாக, இலவசமாகக் கிடைக்கின்றன. நீலகிரி, படுகர், தோடர், கொடைக்கானல் என்று தட்டிப் பாருங்கள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் மாணவர் பெயரோடு நெறியாளர் பெயரும் இருக்கும். ஒரே நெறியாளரின் கீழ் வந்த மூன்று நான்கு ஆய்வேடுகளின் தலைப்பை வரிசையாக வைத்தால் அவர் எதில் ஆழ்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். சோத்கங்காவை நடத்தும் அமைப்பின் வித்வான் என்ற தளத்தில் ஆசிரியர்களின் விவரமும் கிடைக்கும். கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் சேர நினைக்கும் பிள்ளைகளானாலும், கோயம்புத்தூர் பாரதியாரில் பதிவு செய்ய நினைப்பவர்களானாலும், விண்ணப்பத்தை வாங்கும் முன் ஒரு மாலை இதில் செலவிடுவது நல்லது.

விவசாயிக்கும் இதே கணக்குத்தான். உருளைக்கிழங்குச் செடி காரணமில்லாமல் வாடிக் குட்டையாகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் முட்டைக்கூடு நூற்புழு முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரியில்தான், 1961-இல். வேரில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் உருண்டைகள் தெரிந்தால் நூற்புழுவியல்காரரிடம் போக வேண்டும். மண் புளித்துப்போனதா என்று சந்தேகம் வந்தால் மண்ணியல். புழுவைத் தாங்கும் ரகம் வேண்டுமென்றால் பயிர்ப் பெருக்கம். குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகம் அப்படி இந்த மலைக்காகவே உருவானது. 'அக்ரி ஆபிசர்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்த மூன்று கதவுகளில் எதைத் தட்டுவது என்று தெரியாமல் ஒரு பருவம் போய்விடும்.

அடுத்து, மின்னஞ்சல். பேராசிரியர்களுக்கு வரும் கடிதங்களில் பாதி, "சார், நீலகிரி காட்டுயிர் பற்றி முழு விவரம் உடனே அனுப்பவும்" என்ற ரகம். இதற்கு யார் பதில் எழுதுவார்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கோத்தகிரியிலிருந்து வந்து விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நீங்கள் சாணத்தையும் குளம்புத் தடத்தையும் வைத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர்த் தோட்டத்தில் ஒரு மந்தை மாலையில் இறங்குகிறது. எத்தனை, எத்தனை மணிக்கு என்று நான் தினமும் குறித்துவைத்தால் அது பயன்படுமா? கேமரா இல்லை. வேறு எதையெல்லாம் குறிக்க வேண்டும் என்று சொல்வீர்களா?"

அவருடைய கேள்வியும் முறையும் தெரிந்து எழுதிய கடிதம் இது. கூடவே, அவருக்குக் கிடைக்காத ஒன்று, தினமும் மந்தை இறங்கும் இடத்தில் ஒரு ஜோடிக் கண், உங்களிடம் இருக்கிறது என்பதும் தெரிகிறது. அம்மையாராக இருந்தால் 'மேடம்' என்றோ 'அம்மா' என்றோ தொடங்கலாம். பெயரைச் சரியாக எழுதினால் போதும், பட்டங்களை வரிசையாக அடுக்க வேண்டியதில்லை.

"இது என் துறை இல்லை" என்று பதில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். தன் எல்லை தெரிந்தவர் என்று அதற்கு அர்த்தம். எல்லாம் தெரியும் என்கிறவரைவிட அவரை நம்பலாம். "அப்படியானால் யாரைக் கேட்கலாம் ஐயா?" என்று ஒரு வரி திருப்பி எழுதுங்கள். அந்தத் துறையில் யார் உண்மையாக வேலை செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், எந்த இணையப் பக்கமும் அதைச் சொல்லாது. ஒன்று மட்டும்: ஏப்ரல், நவம்பர் மாதங்களில் பருவத் தேர்வும் விடைத்தாள் திருத்தும் முகாமும் இருக்கும். அப்போது எழுதியதற்குப் பதில் வரவில்லையென்றால், கல்லூரி திறந்து இரண்டு வாரம் கழித்து அதே கடிதத்தை இன்னொரு முறை அனுப்புங்கள்.